படிப்பைத் தடுத்தார்கள், படைப்பைத் தடுக்க முடிந்ததா?

"நாடு இருக்கிற நிலையிலே நாவல் ஒரு கேடா?" என்று கேட்கும் நல்லவர்கள் நம்மிடையே நாலு பேர் உண்டு. நல்லவர்கள் என்றுதான் சொல்கிறேன். கொடி கட்ட வேண்டுமா, முதல் ஆளாக வருவார்கள். கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்க வேண்டுமா, கடைசி ஆளாக நிற்பார்கள். ஆனால் கையிலே ஒரு கதைப் புத்தகத்தைக் கண்டுவிட்டால் மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். "கொள்கை விளக்கம் படி, கொண்டாடுகிறேன். தலைவர்கள் வரலாறு படி, தட்டிக் கொடுக்கிறேன். நாவலா? வேலையற்றவன் வேலையப்பா அது!" என்பார்கள்.

அவர்களிடம் அன்போடு கேட்கிறேன்: நாவலைக் கேலி பேசி வளர்ந்த இயக்கமா நம் இயக்கம்? 'ரங்கோன் ராதா' எழுதியவர் யார்? அறிஞர் அண்ணா! 'ரோமாபுரிப் பாண்டியன்' எழுதியவர் யார்? கலைஞர்! அவர்களுக்கும் முன்னே, 1936-ஆம் ஆண்டிலே, 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று ஒரு நாவல் வந்ததே, அதை எழுதியவர் யார்? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்! பொட்டுக்கட்டும் கொடுமையை எட்ட நின்று பார்த்தவர் அல்லர். கிட்ட நின்று கண்டவர், கண்டதைக் கதையாக்கியவர். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்திலே எப்போது வந்தது? 1947-இல்! சட்டம் வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே நாவல் வந்துவிட்டது, தோழர்களே! சட்டமன்றம் விழிக்கும் முன்பே விழித்துக் கொண்ட எழுதுகோல் அது. அதையா வேலையற்ற வேலை என்பது?

ஆகவே, அண்மையிலே நான் படித்த மூன்று நாவல்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். நான் பண்டிதன் அல்லன். பள்ளிப் படிப்போடு நின்றவன். திறனாய்வு செய்யப் பட்டம் இல்லை. ஆனால், தேர்தலிலே நிற்பதா வேண்டாமா என்று 1956-இல் இதே திருச்சியிலே மாநாடு கூட்டித் தொண்டனைக் கேட்டு முடிவெடுத்த கழகம் இது. நாடாளும் வழியைச் சொல்லத் தொண்டனுக்கு உரிமை உண்டு என்றால், நாவல் எப்படி என்று சொல்ல உரிமை இல்லாமலா போகும்?

என் படிப்பறை

திருச்சியிலே சத்திரம் பேருந்து நிலையத்தை அறியாதார் யார்? திருவரங்கத்துக்கு, திருவானைக்காவுக்கு, இலால்குடிக்கு, முசிறிக்கு, துறையூருக்கு என்று வண்டிகள் வந்து வந்து போகும் இடம். பூக்கூடை ஏந்திய தாய், புத்தகப் பை சுமந்த மாணவி, பட்டறை வேலை முடித்துக் கைகளில் எண்ணெய்க் கறையோடு வரும் பாட்டாளி, எல்லோருக்கும் அங்கே பொதுவான வேலை ஒன்று உண்டு. காத்திருப்பது! பால்காரர் முதல் பட்டதாரி வரை பத்து நிமிடம், இருபது நிமிடம், சில நேரம் முக்கால் மணி, காத்திருந்தே ஆக வேண்டும். தொழிலாளிக்கு வாய்த்த ஓய்வு அதுதான். ஓய்வு என்று சொல்லிக் கொடுக்காத ஓய்வு! அந்த நேரத்தைத்தான் நான் நாவலுக்குக் கொடுத்தேன். செல்வந்தனுக்குச் சாய்வு நாற்காலி. நமக்குச் சத்திரத்துச் சிமெண்டுத் திண்ணை!

அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். மறுபுறம் திரும்பினால் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரம் தெரியும். ஊருக்குள் சற்று நடந்தால் நத்தர்வலி தர்கா வரும். மூன்று சமயம், மூன்று வழிபாடு. மூன்றிடத்திலும் கைகூப்பும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் இந்த மாவட்டத்து மண்ணிலே பிறந்த மூன்று பேர், ஒருவர் கிறித்தவர், ஒருவர் இந்துக் குடும்பத்தில் வந்தவர், ஒருவர் இசுலாமியர், எழுதிய மூன்று புத்தகங்களின் முன்னே தலை வணங்கினேன். வணங்கிய தலையிலே கேள்விகளும் எழுந்தன. இரண்டையும் சொல்கிறேன்.

அடி வாங்கியவன் யார்?

முதலாவது, 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழின் முதல் நாவல். 1879-இல் அச்சேறியது. எழுதியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாயூரத்தார் என்று பெயர் பெற்றாலும் பிறந்தது 1826-இல், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிலே. திருச்சி நீதிமன்றத்திலே ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பிறகு முன்சீப்பாக உயர்ந்தவர். பரங்கியர் ஆண்ட காலத்திலே, ஆங்கிலத்திலே கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டித் தமிழிலே தந்தவர்.

இந்த நாவலிலே தொடக்கத்திலேயே ஒரு காட்சி. செல்வச் சீமான் வீட்டுப் பிள்ளை பிரதாபன். அவனுக்கு வாத்தியார் வைத்திருக்கிறார்கள். கூடப் படிக்க ஏழைப் பையன் ஒருவன், கனகசபை. பிரதாபன் பாடத்தைச் சரியாகச் சொல்லவில்லை என்றால் அடி விழ வேண்டும் அல்லவா? விழுகிறது. யார் மேலே? கனகசபை மேலே! சீமான் வீட்டுப் பிள்ளையின் மேனியிலே பிரம்பு படலாமா? ஆகவே தவறு செய்பவன் ஒருவன், தழும்பு சுமப்பவன் இன்னொருவன்!

சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதுகிறார் பிள்ளையவர்கள். படித்துச் சிரித்தேன், சிரித்த வாய் மூடுவதற்குள் நெஞ்சு கனத்தது. 1879-இல் எழுதிய கதையா இது? முதலாளி கணக்கிலே பிழை செய்வார். வேலை இழப்பது தொழிலாளி. ஆலையிலே இயந்திரத்தைப் பழுது பார்க்காமல் விட்டவர் மேலாளர். கை இழப்பது கடைநிலைப் பணியாள். தவறு மாடியிலே, தண்டனை மண்ணிலே! கனகசபைகள் இன்னும் அடி வாங்கிக் கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் குறையையும் சொல்ல வேண்டுமே! பின்னாலே வரும் கதையிலே கனகசபை உண்மையில் ஏழை மகன் அல்லன், பெருஞ்செல்வர் ஒருவரின் காணாமற்போன மகன் என்று தெரிய வருகிறது. ஏன் ஐயா அப்படி? ஏழை மகன் ஏழை மகனாகவே இருந்து சிறக்கக் கூடாதா? நல்லவனாக இருக்கிறான், ஆகவே நல்ல குடியிலே பிறந்திருப்பான் என்று முடிச்சுப் போடுகிறதே கதை, அந்த முடிச்சைத்தானே நாம் நூறு ஆண்டாக அவிழ்த்துக் கொண்டிருக்கிறோம்!

இன்னொன்று. கதைத் தலைவி ஞானாம்பாள். கதையிலே அறிவாளி யாரென்றால் அவள்தான். பிரதாபன் அவளுக்கு முன் அரை ஆள். ஒரு நாட்டிலே அரசனைத் தேர்ந்தெடுக்க யானையிடம் மாலையைக் கொடுத்து அனுப்புகிறார்கள். யானை யார் கழுத்திலே போட்டது? ஞானாம்பாள் கழுத்திலே! ஆனால் அப்போது அவள் ஆண் உடையிலே இருக்கிறாள். ஆண் என்று நம்பித்தான் அரியணையிலே ஏற்றுகிறார்கள். ஆளுகிறாள், அருமையாக ஆளுகிறாள்.

யானை ஆளைத் தேர்ந்தெடுப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது; அதை விட்டுத் தள்ளுங்கள். ஆனால் பெண் ஆளத் தகுந்தவள் என்று 1879-இல் ஒருவர் எழுதினாரே, அதைப் போற்றாமல் இருக்க முடியுமா? போற்றிக் கொண்டே கேட்கிறேன்: அறிவு அவளுடையது, ஆற்றல் அவளுடையது, உடை மட்டும் ஏன் ஆணுடையதாக இருக்க வேண்டும்? அந்தக் காலம் அவ்வளவுக்குத்தான் இடம் கொடுத்தது. கேள்வியைக் கொஞ்சம் கையிலே வைத்திருங்கள். மூன்றாவது நாவல் வரும்போது விடை வரும்.

நீதிமன்றத்தைப் பற்றியும் சாட்டை எடுக்கிறார் பிள்ளை. தமிழ் நாட்டு நீதிமன்றம், தமிழ் பேசும் கட்சிக்காரன், தமிழ் அறிந்த வழக்கறிஞர். ஆனால் வாதம் மட்டும் ஆங்கிலத்திலே! கேட்பவனுக்குப் புரியாத மொழியிலே அவன் தலையெழுத்தைப் பேசுகிறார்களே என்று எள்ளி நகையாடுகிறார். அவர் எழுதி ஒன்றரை நூற்றாண்டு ஆகப் போகிறது. 2006-இல் கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது, உயர்நீதிமன்றத்திலே தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. இராசஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் உயர்நீதிமன்றத்திலே இந்திக்கு இடம் உண்டு. தமிழுக்கு? "பார்க்கலாம்" என்ற பதில் உண்டு! முன்சீப் வேதநாயகம் பிள்ளை கதையிலே கேட்ட கேள்வி, கோப்பிலே இன்னும் தூங்குகிறது.

இந்த வேதநாயகம் பிள்ளைதான் 'பெண் கல்வி' என்றும் 'பெண்மதி மாலை' என்றும் நூல் எழுதிப் பெண்களைப் படிக்க வையுங்கள் என்று மன்றாடியவர். மன்றாடினாரே, திருச்சி மாவட்டம் கேட்டதா? அடுத்த இரண்டு நாவல்களை எழுதிய இருவரின் வாழ்க்கையைப் பாருங்கள்.

உப்பு வாரியவள் பெயர் என்ன?

சத்திரத்திலே முசிறி வண்டி ஏறினால் காவிரிக் கரையோரமாகவே போய்ச் சேரலாம். அந்த முசிறியிலே 1925-இல் பிறந்தவர் இராஜம் கிருஷ்ணன். பள்ளிப் படிப்பைத் தொடர விடவில்லை; 15 வயதிலே திருமணம். கல்லூரி வாசலை மிதிக்காத அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? கதைக்குக் கரு தேடி வீட்டுக்குள்ளே உட்காரவில்லை. நீலகிரி ஏறிப் படகர் மக்களோடு பழகி 'குறிஞ்சித் தேன்' எழுதினார். கடற்கரைக்குப் போய் மீனவர் வாழ்வை 'அலைவாய்க் கரையில்' என்று எழுதினார். தீப்பெட்டித் தொழிலிலே கருகும் குழந்தைகளைக் கண்டு 'கூட்டுக் குஞ்சுகள்' எழுதினார். 1970-களின் கடைசியிலே தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று அவர் கண்டு வந்து கொடுத்ததுதான் நான் படித்த இரண்டாவது நாவல், 'கரிப்பு மணிகள்'.

பொன்னாச்சி என்ற இளம்பெண், தம்பி பச்சையோடு அளத்து வேலைக்கு வருகிறாள். அளம் என்றால் உப்பளம். மேலே சூரியன், கீழே வெள்ளை உப்பு. வானத்து வெயில் ஒன்று, உப்பிலே பட்டுத் தெறிக்கும் வெயில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கண் கூசக் கூச வாருபலகை பிடித்து வார வேண்டும். உப்புநீர் காலைப் புண்ணாக்கும். புண்ணிலே மறுபடியும் உப்புநீர். குடிக்க நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிது. இவ்வளவுக்கும் மேலே, மேற்பார்வை பார்ப்பவனின் கண்பார்வை வேறு! கூலி கேட்டால் குறைப்பான், மானம் காத்தால் வேலையை விட்டே அனுப்புவான். அப்படிப்பட்ட இடத்திலே இராமசாமி என்ற தொழிலாளி, ஒன்றுபட வேண்டும் என்ற பேச்சைத் தொடங்குகிறான். கூலிக்காக மட்டும் எழும் குரல் அல்ல அது. கௌரவத்துக்காகவும் எழும் குரல்.

படித்துக் கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1930-இல் இராசகோபாலாச்சாரியார் தலைமையிலே உப்பு எடுக்க வேதாரண்யத்துக்கு ஊர்வலம் போனார்களே, எங்கிருந்து புறப்பட்டார்கள்? இதே திருச்சியிலிருந்து! ஒரு பிடி உப்பை அள்ளியவர்கள் பெயர் வரலாற்றிலே இருக்கிறது. இருக்கட்டும், தியாகத்தைக் குறைத்துப் பேசுவது நம் பழக்கமல்ல. ஆனால் அந்தப் பிடி உப்பு அளத்திலே விளையும்போது, அதைக் காலெல்லாம் புண்ணாக வாரிக் குவித்தவள் பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலே இருக்கிறது? உப்பு எடுத்தவருக்குக் கல்வெட்டு, உப்பு விளைத்தவளுக்கு? அந்தக் கல்வெட்டைத்தான் இராஜம் கிருஷ்ணன் நாவலாகச் செதுக்கினார். இந்தியாவிலே உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. நம் வீட்டுக் குழம்பிலே பொன்னாச்சியின் வியர்வை இருக்கிறது, தோழர்களே!

மழைக்காலத்திலே உப்பளம் மூடிக் கிடக்கும், உலை எரியாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் திட்டத்தை 2022-இல் தமிழக அரசு தொடங்கியது. நல்லது, நெஞ்சாரப் பாராட்டுவோம். ஆனால் நிழலும் நீரும் நியாயமான கூலியும் ஆண்டு முழுவதும் வேண்டுமே! அந்தக் கோரிக்கை மனுவின் முதல் பக்கமாக இந்த நாவலை வைக்கலாம்.

குறை உண்டா? உண்டு. தூத்துக்குடிப் பேச்சு வழக்கு திருச்சிக்காரனை முதல் சில பக்கங்களிலே தடுமாற வைக்கும். சில இடங்களிலே கதை நின்று போய் விவரம் மட்டும் நடக்கும். பொறுத்துக் கொள்ளுங்கள், அளத்திலே நிற்பவளின் பொறுமையிலே நூறில் ஒரு பங்கு போதும்.

இந்த இடத்திலே ஒரு தோழர் என் காதைக் கடித்தார்: "அந்த அம்மையார் பார்ப்பனக் குடும்பத்திலே பிறந்தவர். நம் ஏட்டிலே நீ புகழலாமா?" என்று. நேராகவே விடை சொல்கிறேன். பிறப்பை வைத்து மனிதனுக்கு மார்க் போடுவதைத்தானே நாம் எதிர்க்கிறோம்? பிறப்பை வைத்துப் புத்தகத்துக்கு மட்டும் மார்க் போடலாமோ? பெரியார் கேட்ட கேள்வி, எந்த வயிற்றிலே பிறந்தாய் என்பதல்ல. எவன் வயிற்றில் அடிக்கிறாய் என்பது! இந்த எழுதுகோல் எந்த ஏழையின் வயிற்றிலும் அடிக்கவில்லை. அடித்தவனைக் காட்டிக் கொடுத்தது. அது போதும் எனக்கு. போதாது என்றால் இன்னொன்று கேளுங்கள். உயிரோடிருக்கும் எழுத்தாளரின் நூல்களைப் பொதுவாக நாட்டுடைமை ஆக்குவதில்லை. அந்த வழக்கத்தையும் மீறி, முதியோர் இல்லத்தை நாடிய நிலையிலே இருந்த இராஜம் கிருஷ்ணனின் நூல்களை 2009-இல் நாட்டுடைமையாக்கி 3 இலட்சம் ரூபாய் வழங்கிய அரசு எது? கலைஞர் அரசு! 2014-இல் அம்மையார் மறைந்தார். அவர் எழுத்து நாட்டுக்கே சொந்தம், நமக்கும் சொந்தம்.

ஜன்னலுக்குள்ளே ஓர் ஊர்

மூன்றாவது நாவலின் ஊருக்குச் சத்திரத்திலே நேர் வண்டி இல்லை. பஞ்சப்பூர் முனையம் போய் மதுரை வண்டி பிடிக்க வேண்டும். துவரங்குறிச்சி! அந்த ஊர்ப் பெண் சல்மா எழுதிய 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004-இல் வந்தது. பிறகு ஆங்கிலத்துக்கும் போனது.

எழுதியவரின் கதையை முதலிலே சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்கு. பெரிய பெண் ஆனவள் வாசல் தாண்டக் கூடாது என்பது ஊர் வழக்கம். ஆண்டுக் கணக்கிலே வீட்டுக்குள்ளே. திருமணம் ஆன பிறகும் எழுதக் கூடாது என்ற தடை. அந்தப் பெண் என்ன செய்தார்? எல்லோரும் உறங்கிய பிறகு கழிவறைக்குப் போய் நின்று கொண்டே எழுதினார்! எழுதியதை ஒளித்து வைத்து, தாயின் கையிலே கொடுத்து, வெளியே அனுப்பினார். வீடு பூட்டிக் கிடந்தது. சொல் புறப்பட்டுப் போய்விட்டது!

நாவலிலே என்ன இருக்கிறது? ஒரு முஸ்லிம் சிற்றூர். ராபியா என்ற சிறுமி. ஓடி ஆடித் திரிகிற வயது. அவளைச் சுற்றித் தாய், பெரியம்மா, அத்தை, அண்டை வீட்டுப் பெண்கள். வெளிநாட்டிலே சம்பாதிக்கப் போன கணவன்மார். வீட்டிலே காத்திருக்கும் மனைவிமார். மணமகனைப் பிடிக்கவில்லை என்று முதலிரவிலேயே சொல்லிவிட்டு வந்த பிர்தவ்ஸ். அவளுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லப் போவதில்லை. படித்துத்தான் தெரிந்து கொள்ள வேண்டும். படித்த அன்று இரவு தூக்கம் வராது, எச்சரிக்கிறேன். ராபியா வளர வளர, ஒவ்வொரு கதவாக மூடுகிற சத்தம் நமக்குக் கேட்கிறது. அவளுக்கு அது கேட்கவில்லை, விளையாடிக் கொண்டிருக்கிறாள். நாவலின் கொடுமையே அதுதான்.

குறை? ஆட்கள் அதிகம். யார் யாருக்கு என்ன உறவு என்று புரிவதற்குள் ஐம்பது பக்கம் ஓடிவிடும். நான் தாளிலே உறவுமுறை எழுதி வைத்துக் கொண்டு படித்தேன். பொதுக்கூட்டப் பேச்சுப் போல ஒரு முடிவை நோக்கி ஓடுகிற கதையும் அல்ல. வீட்டு வேலை போல, முடிந்தது என்று சொல்ல முடியாமல் நடந்து கொண்டே இருக்கிறது. பெண்களின் நாள் அப்படித்தான் போகிறது என்பதை, ஆணாகிய எனக்கு அந்த நடைதான் உணர்த்தியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மதவெறியை விற்றுப் பிழைப்பவர்கள் இந்த நாவலைக் கையிலே எடுத்துக் கொண்டு, "பார், அந்தச் சமூகத்தைப் பார்!" என்று கூவலாம். தோழா, நீ கூடச் சேர்ந்து சிரித்துவிடாதே! சற்றே திரும்பி உன் தெருவைப் பார். தீட்டென்று திண்ணையிலே ஒதுக்கி வைத்த பெண் எந்த மதம்? வேறு சாதிக்காரனை விரும்பினாள் என்று வெட்டிப் போடப்பட்ட பெண் எந்த மதம்? "பெரிய மனுஷி ஆயிட்டா, இனி எதுக்குப் பள்ளிக்கூடம்?" என்று பையைப் பிடுங்கி வைத்த வீடு எந்தத் தெருவிலே இல்லை? பூட்டின் வடிவம் வீட்டுக்கு வீடு மாறும்; சாவி மட்டும் எப்போதும் ஆண் கையிலே! சல்மா தன் வீட்டுப் பூட்டைக் காட்டினார். நேர்மையுள்ளவன் தன் வீட்டுப் பூட்டைத் தேடுவான்.

"சல்மா கழகத்தவர், அதனால் புகழ்கிறாய்" என்பாரும் உண்டு. நாவல் வந்தது 2004-இல். அவர் மருங்காபுரியிலே தி.மு.க. வேட்பாளராக நின்றது 2006-இல். நின்றார், தோற்றார், நாவல் தோற்கவில்லை. 2025-இல் மாநிலங்களவைக்குத் தேர்வு பெற்றார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2001. உள்ளாட்சித் தேர்தலிலே தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பூட்டி வைத்த வீடே கதவைத் திறந்து, "போய் நில்" என்று அனுப்ப வேண்டி வந்தது. நின்றார், வென்றார்.

இப்போது எடுங்கள், கையிலே வைத்திருக்கச் சொன்ன கேள்வியை! ஞானாம்பாள் அரியணை ஏற ஆண் உடை வேண்டியிருந்தது, யானை வேண்டியிருந்தது. 2001-இல் ஆண் உடையும் வேண்டியிருக்கவில்லை, யானையும் வேண்டியிருக்கவில்லை. ஒரு சட்டம் போதுமானதாக இருந்தது! மூன்றில் ஒரு பங்காக இருந்த அந்த ஒதுக்கீட்டைச் சரிபாதியாக உயர்த்தத் தமிழகச் சட்டமன்றம் 2016-இல் சட்டம் இயற்றியது. வேதநாயகம் பிள்ளை கனவாகக் கண்டதைக் கழகமும் காலமும் கணக்காக்கின. நாவலுக்கும் நாட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட தோழரே, தொடர்பு இதுதான்!

மேடையும் வீடும்

மூன்றையும் மூடி வைத்த பிறகு எனக்குள்ளே ஓர் உறுத்தல். படிக்க வையுங்கள் என்று ஓர் ஆண் எழுதினார். அதே மாவட்டத்திலே அதற்குப் பிறகு இரண்டு பெண்களின் படிப்பு நின்றது. அந்த இருவரும் படைத்துக் காட்டினார்கள். அதை எண்ணிப் பூரிக்கிறோம். ஆனால் படிப்பு நின்று, எழுதவும் வழியில்லாமல், எந்த அட்டையிலும் பெயர் வராமல், அடுப்படியிலே முடிந்து போன முசிறிப் பெண்கள் எத்தனை பேர்? துவரங்குறிச்சிப் பெண்கள் எத்தனை பேர்? நம் வீட்டிலே எத்தனை பேர்?

1929-இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை என்று தீர்மானம் போட்டார் பெரியார். 1989-இல் கலைஞர் சட்டமாக்கினார். 60 ஆண்டு! அரசுப் பள்ளியிலே படித்த பெண் கல்லூரிக்குப் போக மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலே இருந்த திட்டத்தை மாற்றியமைத்து, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. சட்டம் வந்தது, திட்டம் வந்தது. மனம் வந்ததா? மேடையிலே "பெண்ணுரிமை!" என்று முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய், "பன்னிரண்டு முடிச்சாச்சு, மாப்பிள்ளை பாருங்க" என்கிற தோழர் ஒருவர்கூட நம்மில் இல்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியுமா? எதிரியின் வீட்டுக் கதவைத் தட்டுமுன் நம் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டாமா?

அதற்குத்தான் நாவல். தீர்மானம் மூளைக்குச் சொல்லும். நாவல் மூச்சுக்குச் சொல்லும். "பெண் கல்வி தேவை" என்று ஆயிரம் முறை கேட்டவன் தலையை ஆட்டிவிட்டுப் போவான். ராபியாவோடு ஐந்நூறு நிமிடம் வாழ்ந்தவன், மகளின் பள்ளிப் பையைப் பிடுங்கப் போகும்போது கை நடுங்குவான்.

ஆகவே மூன்று வேலை சொல்கிறேன். செய்து முடிப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு சொல்கிறேன்.

ஒன்று: வேதநாயகம் பிள்ளை நாவல் மதுரைத் திட்டத்தின் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கிறது. நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலே இருக்கின்றன. வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலே கைபேசியிலே நடிகர் சண்டை பார்ப்பதற்குப் பதில் நாலு பக்கம் படியுங்கள்.

இரண்டு: கிளைக்கழகப் படிப்பகங்களிலே இந்த மூன்று நூலும் இருக்க வேண்டும். நாளிதழும் தினக் காலண்டரும் மட்டும் கிடந்தால் அது படிப்பகமல்ல, காத்திருப்பு அறை! ஞாயிறு மாலை ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேளுங்கள். முன்பெல்லாம் முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்டுத்தான் நம் இயக்கம் வளர்ந்தது.

மூன்று: அந்தப் பத்துப் பேரிலே ஐந்து பேர் பெண்களாக இருக்கட்டும். "வீட்டிலே வேலை இருக்கிறது" என்பார்கள். இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் அந்த வேலையை நீ பார், தோழா! கொள்கை குறைந்துவிடாது, குழம்பு வேண்டுமானால் கொஞ்சம் கரிக்கும். கரித்தால் பொன்னாச்சியை நினைத்துக் கொள்!

தெருவுக்குத் தெரு கொடிக்கம்பம் நட்டோம், பெருமை. அதன் அருகிலே ஒரு புத்தக அலமாரியையும் வைப்போம். அந்த அலமாரிக்குப் பூட்டு மட்டும் போட வேண்டாம். இந்த நாட்டுப் பெண்கள் பார்த்த பூட்டுகள் போதும்!